அந்தமான்: ஐந்து இரவு, இரண்டு பேர், எதை விடுவது?

கேள்வி (வாசகர் ஒருவர்), 2024 நவம்பர் 18

ஜனவரி கடைசியில் நானும் மனைவியும் அந்தமான் போகிறோம். சென்னையிலிருந்து விமானம், ஐந்து இரவு. போர்ட் பிளேர், அதோடு ஹேவ்லாக், நீல், பாராடாங் தீவுகள் என நான்கையும் முடித்துவிடலாம் என்று டிராவல்ஸில் சொல்கிறார்கள். முடியுமா? எனக்கு நீச்சல் தெரியாது, ஹிந்தியும் தெரியாது. மனைவிக்கு ஸ்கூபா ஆசை.

நவம்பர் 18, இரவு 10.15

முடியும். டிராவல்ஸ்காரர் பொய் சொல்லவில்லை. ஆனால் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு ஓட வேண்டும், பாதி நேரம் படகுத்துறையில் பெட்டியோடு நிற்பீர்கள். நான்கில் ஒன்றை விடுங்கள். நானாக இருந்தால் பாராடாங்கை விடுவேன். காரணத்தை அப்புறம் எழுதுகிறேன், தூக்கம் வருகிறது.

நவம்பர் 19, காலை 7.05

எதை விடுவது என்பதற்கு முன்னால் பொழுதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அங்கேயும் நம் கடிகாரம்தான், ஆனால் சூரியன் வேறு கணக்கில் நடக்கிறது. இந்திய நேரத்துக்கு அடிப்படை கிழக்குத் தீர்க்கரேகை 82.5 பாகை. போர்ட் பிளேர் இருப்பது 92.7 பாகைக்குப் பக்கத்தில். ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்று பெருக்கிப் பாருங்கள். சென்னை இன்னும் மேற்கே இருப்பதால், நம் ஊரைவிட அங்கே ஐம்பது நிமிடம் முன்னால் விடிந்து, ஐம்பது நிமிடம் முன்னால் அடைகிறது. ஜனவரி கடைசியில் 5.20-க்கெல்லாம் சூரியன் போய்விடும். ஆறு மணிக்குக் கும்மிருட்டு.

என் வீட்டுக்காரர் எக்செல்லில் அட்டவணை போடுகிற ரகம். "மாலை 5.30, ராதாநகர் கடற்கரை, சூரிய அஸ்தமனம்" என்று பச்சை நிறம் அடித்து வைத்திருந்தார். நாங்கள் வண்டியை விட்டு இறங்கும்போது மற்றவர்கள் காலில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு எதிரே வந்துகொண்டிருந்தார்கள். மறுநாள் மூன்றரைக்கே போய் உட்கார்ந்தோம். உங்கள் அட்டவணையில் மாலை என்று எழுதியிருப்பதை எல்லாம் ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளிவிடுங்கள். விடியற்காலையில் எழுந்து பழகாதவராக இருந்தால் அங்கே பாதி நாளைத் தூங்கியே தொலைப்பீர்கள்.

நவம்பர் 19, மதியம் 1.30

பெயர்கள் மாறிவிட்டன என்று ஒருவர் சுட்டியிருக்கிறார். சரிதான். 2018 டிசம்பரில் ஹேவ்லாக் ஸ்வராஜ் தீவாகவும், நீல் ஷஹீத் தீவாகவும், ராஸ் தீவு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவாகவும் மாறின. போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. படகு டிக்கெட் எடுக்கும்போது புதுப்பெயரில்தான் தேட வேண்டியிருக்கும். நான் இங்கே பழைய பெயரையே எழுதப்போகிறேன், விரல் அதற்குத்தான் பழகியிருக்கிறது.

நவம்பர் 20, இரவு 9.40

இப்போது வரிசை. இறங்குகிற அன்று போர்ட் பிளேரில் தங்கி, வெள்ளைக்காரர்கள் கட்டிய செல்லுலார் சிறைச்சாலையைப் பாருங்கள். மறுநாள் காலைப் படகில் ஹேவ்லாக், அங்கே இரண்டு இரவு. அங்கிருந்து நீல், ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை, ஒரு இரவு. நீலிலிருந்து போர்ட் பிளேர் திரும்பிக் கடைசி இரவை அங்கே கழித்துவிட்டு விமானம் ஏறுங்கள்.

அந்தக் கடைசி இரவு வீண் என்று டிராவல்ஸில் சொல்வார்கள். வீண் இல்லை. காற்று பலமாக இருந்தால் படகை நிறுத்திவிடுவார்கள். யாரைத் திட்டினாலும் ஒன்றும் ஆகாது, கடல் அப்படி. நீலிலிருந்து காலையில் படகு, மதியம் விமானம் என்று திட்டம் போட்டு வந்த ஒரு ஜோடி படகுத்துறைத் தரையில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தது இன்னும் நினைவில் இருக்கிறது. அந்தப் பெண்ணின் கையில் மருதாணிகூடக் கலையவில்லை. எங்கள் படகும் அன்று கிளம்பவில்லை, ஆனால் எங்களுக்கு விமானம் மறுநாள்தான். நாங்கள் போய் மீன் சாப்பிட்டோம்.

போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக்குக்குத் தனியார் விரைவுப் படகில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். அரசுக் கப்பலில் இன்னும் கொஞ்சம் கூடுதல், ஆனால் காற்றாட நிற்கலாம். விரைவுப் படகு மூடிய ஏசிப் பெட்டி. குமட்டுகிறவர்கள் கீழ்த் தளத்தில் பின்பக்கமாக இடம் கேளுங்கள், அங்கே ஆட்டம் குறைவு. குமட்டலுக்கான மாத்திரையைக் கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பே போட்டுவிட வேண்டும், குமட்ட ஆரம்பித்த பிறகு போட்டுப் பயனில்லை. அடையாள அட்டை கையிலேயே இருக்கட்டும், பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டு வரிசையில் திறந்துகொண்டு நிற்காதீர்கள்.

நவம்பர் 21, காலை 6.50

நேற்று சிறைச்சாலையை ஒரே வரியில் கடந்துவிட்டேன். தேனிலவுக்குப் போகிறவர்கள் சிறையைப் போய்ப் பார்ப்பதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். போய்ப் பாருங்கள், அதுவும் முதல் நாளே.

1896-இல் கட்டத் தொடங்கி 1906-இல் முடித்தார்கள். நடுவில் ஒரு கோபுரம், அதிலிருந்து ஏழு பக்கம் ஏழு கட்டடங்கள். இன்று நிற்பவை மூன்று. ஒரு கட்டடத்தின் அறை வாசல் அடுத்த கட்டடத்தின் முதுகைத்தான் பார்க்கும். அதனால் எந்தக் கைதியும் இன்னொரு கைதியின் முகத்தைப் பார்க்க வழியில்லை. அறை ஏறக்குறைய பதின்மூன்றரை அடிக்கு ஏழரை அடி, ஜன்னல் தலைக்கு மேலே.

எல்லோரும் அறைக்குள் நின்று படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். நீங்கள் தாழ்ப்பாளைப் பாருங்கள். கம்பிக் கதவின் தாழ் நீளமாக வெளியே ஓடி, பக்கத்துச் சுவரில் குடைந்த ஒரு குழிக்குள் போய் முடிகிறது. பூட்டு அங்கேதான். நான் உள்ளே நின்று கம்பிக்கு இடையில் கையைத் தோள்வரை நுழைத்துப் பார்த்தேன், விரல் நுனிகூட எட்டவில்லை. யாரோ ஒருவர் மேசையில் உட்கார்ந்து மனிதக் கையின் நீளத்தை அளந்து அதற்கு மேல் கொஞ்சம் சேர்த்து வரைந்திருக்கிறார். செக்கை விட, தூக்கு மேடையை விட, எனக்கு அதுதான் வயிற்றைப் பிசைந்தது. என் வீட்டுக்காரர் அன்று மாலை முழுக்க அட்டவணையை எடுக்கவே இல்லை.

இரவில் ஒலி ஒளிக் காட்சி உண்டு. ஹிந்தியில் எப்போது, ஆங்கிலத்தில் எப்போது என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

நவம்பர் 22, காலை

ஹிந்தி தெரியாதே என்று மறுபடியும் கவலைப்பட்டிருக்கிறீர்கள். 2011 கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபாரில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் சுமார் 15 சதவீதம். வங்காளியும் ஹிந்தியும்தான் அதற்கு மேல். போர்ட் பிளேர் அபர்டீன் பஜாரில் என் வீட்டுக்காரர் பாடுபட்டு ஹிந்தியில் பேரம் பேசிக்கொண்டிருந்தார். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், எந்த ஊரு?" என்றார். நீலில் மட்டும் கொஞ்சம் திண்டாட்டம், அங்கே பெரும்பாலும் வங்காளிகள். விரலைக் காட்டினால் போதும், வேலை நடக்கும்.

நவம்பர் 23, இரவு 10.30

ஸ்கூபா. நீச்சல் தெரியாதவரும் போகலாம். முதல்முறை ஆட்களுக்கான முக்குளிப்பில் பயிற்சியாளர் உங்களைப் பின்னால் பிடித்துக்கொண்டே வருவார், 12 மீட்டருக்குக் கீழே கூட்டிப்போகக் கூடாது. நீங்கள் செய்ய வேண்டியது இரண்டுதான். வாயால் மூச்சு விடுவதை நிறுத்தவே கூடாது. இறங்க இறங்கக் காது அடைக்கும், வலிக்கும் முன்பே மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊத வேண்டும். பல்லைக் கடித்து வலியைப் பொறுத்தால் காது கெடும். ஆஸ்துமா, இதயக் கோளாறு, கர்ப்பம், சைனஸ் இருந்தால் படிவத்தில் மறைக்காதீர்கள். ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தோமே என்று கையெழுத்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

கைச் சைகைகளைக் கவனமாகக் கேளுங்கள். கட்டை விரலைத் தூக்கினால் தண்ணீருக்குள் "மேலே போகலாம்" என்று அர்த்தம். "நன்றாக இருக்கிறேன்" என்பதற்கு விரலை வளையம் போல் பிடிக்க வேண்டும். என் வீட்டுக்காரர் நீலநிறத்தில் ஒரு மீன் கூட்டத்தைப் பார்த்த குஷியில் கட்டை விரலை ஆட்ட, பயிற்சியாளர் அவரை மேலே கொண்டுவந்துவிட்டார். மறுபடி இறக்கினார்கள். மறுபடி மீன். மறுபடி கட்டை விரல்.

பிளாஸ்டிக் பையில் போட்ட பவளப்பாறை படங்களை எதிர்பார்த்துப் போகாதீர்கள். 2010-இல் கடல் சூடேறி அந்தமானில் நிறையப் பவளம் வெளுத்துப்போனது. சில இடங்களில் தரை சாம்பல் நிறத்தில்தான் இருக்கும். அதன் நடுவே உயிரோடு இருக்கிற ஒரு திட்டு வரும்போது அதன் நிறம் கண்ணைப் பறிக்கிறது.

நவம்பர் 24, காலை

நேற்று எழுதியதில் "பிளாஸ்டிக் பையில் போட்ட" என்று ஏன் எழுதினேன் என்று ஒருவர் கேட்கிறார். எனக்கும் புரியவில்லை. விளம்பரப் படங்கள் என்று படியுங்கள். இரவு பத்தரைக்கு மேல் எழுதக் கூடாது.

இன்னொரு முக்கியமான விஷயம் விட்டுப்போயிற்று. முக்குளித்த உடனே விமானம் ஏறக் கூடாது. ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் மெதுவாக வெளியேற வேண்டும், உயரத்தில் அழுத்தம் குறைந்தால் அது குமிழாகிவிடும். ஒருமுறை இறங்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரம், பலமுறை என்றால் 18. ஸ்கூபாவை ஹேவ்லாக்கின் முதல் காலையில் வையுங்கள்.

வீட்டுக்காரர் இந்த இழையைப் படித்துவிட்டார். கட்டை விரலை ஆட்டியது ஒரே ஒருமுறைதான் என்கிறார். வீடியோ இருக்கிறது.

நவம்பர் 26, இரவு 8.20

பாராடாங்கை ஏன் விடச் சொன்னேன் என்று மூன்று பேர் கேட்டாகிவிட்டது. நேரம்தான் காரணம் என்று எழுதித் தப்பித்திருக்கலாம். அதுவும் உண்மைதான். நடுராத்திரி எழுந்து, ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்று, வாகன அணிவகுப்பில் காட்டைக் கடந்து, மிடில் ஸ்ட்ரெய்ட்டில் வண்டியோடு படகேறி, அங்கிருந்து விசைப்படகில் அலையாத்திக் காட்டுக்குள் புகுந்து, அப்புறம் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடந்தால் சுண்ணாம்புக் குகை. முழுநாள் போய்விடும்.

ஆனால் அந்தச் சாலை ஜாரவா பழங்குடி மக்களின் காப்புக்காட்டுக்குள் போகிறது. மொத்தமே சில நூறு பேர். 1990-களின் கடைசியில்தான் அவர்கள் வெளியாட்களோடு பழக ஆரம்பித்தார்கள். 1999-இலும் 2006-இலும் அவர்களிடையே தட்டம்மை பரவியது. காப்புக்காட்டுப் பகுதியில் சாலையை மூடச் சொல்லி 2002-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது, வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. வண்டியை நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, எதையும் கொடுக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. நாங்கள் தங்கிய இடத்தில் பாராடாங் போய் வந்த ஒரு கூட்டம் காலை உணவின்போது பேசிக்கொண்டது முழுக்க "எத்தனை பேரைப் பார்த்தீங்க?" என்பதுதான். குகையைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அத்தோடு நாங்கள் கட்டிய முன்பணத்தை விட்டுவிட்டோம்.

நவம்பர் 27, காலை 6.30

நேற்று எழுதியதற்கு ஒருவர் சூடாகப் பதில் எழுதியிருக்கிறார். ரங்கத்திலும் டிக்லிப்பூரிலும் இருக்கிறவர்களுக்கு மருத்துவமனைக்கு வர அந்தச் சாலைதான் வழி, சுற்றுலாப் பயணி வராவிட்டால் பாராடாங்கில் படகோட்டுகிறவர் வீட்டில் அடுப்பெரியாது என்கிறார். நியாயம்தான். சாலையை மூடு என்று நான் சொல்லவில்லை, ஊர்க்காரர்கள் போகட்டும். எனக்கு அங்கே போக அவசியம் ஒன்றும் இல்லை, ஊர் சுற்ற வந்தவள், அவ்வளவுதான். படகோட்டியின் அடுப்புக்கு என்னிடம் பதில் இல்லை. கடல்வழியாகக் குகைக்குப் போகிற படகு முறையாக ஓடினால் இரண்டு பக்கமும் தீரும், அன்றைக்கு நானே முதல் டிக்கெட் எடுப்பேன்.

வீட்டுக்காரருக்கு இன்னும் பாராடாங்கில் இருக்கிற சேற்று எரிமலையைப் பார்க்காத குறை உண்டு. அதையும் பதிவு செய்யச் சொன்னார்.

நவம்பர் 29, இரவு 9.00

தேனிலவுப் பேக்கேஜில் "கடற்கரையில் மெழுகுவர்த்தி விருந்து" சேர்க்கலாமா? சேர்க்காதீர்கள். காற்றில் மெழுகுவர்த்தி நிற்காது. மணல் ஈ என்று ஒன்று இருக்கிறது, கண்ணுக்கே தெரியாது, கடிக்கும்போது வலிக்காது. மறுநாள் கணுக்காலைச் சுற்றிச் சிவந்து தடித்து அரிப்பெடுக்கும்போதுதான் தெரியும். சாயங்காலம் ஈர மணலில் உட்கார்ந்தவர்கள்தான் அதற்கு விருந்து. காலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால் ஓரளவு தப்பலாம்.

அந்தப் பணத்துக்குப் பதிலாக ஹேவ்லாக்கில் ஒரு அரை நாளை ஆளுக்கொரு பக்கமாகக் கழியுங்கள். தம்பதிகளுக்குப் போய் இப்படி ஒரு யோசனையா என்று கேட்பீர்கள். அவருக்கு எலிபெண்ட் பீச்சுக்குக் காட்டு வழியாக நடந்து போக ஆசை. எனக்கு ராதாநகரில் மரத்தடியில் துண்டை விரித்துப் படுக்க ஆசை. அதற்கு முந்தின நாள் முழுக்க, ஒருத்தர் ஆசைக்கு இன்னொருத்தர் இழுபட்டு இருவரும் உம்மென்று இருந்தோம். பிரிந்து போன அன்று மதியம் சாப்பிடும்போதுதான் பேச விஷயம் இருந்தது. அவர் சேற்றில் விழுந்த கதை, நான் ஒரு துறவி நண்டு ஷாம்பு மூடியை வீடாக்கிக்கொண்டு போனதைப் பார்த்த கதை.

ராதாநகரில் கொடி கட்டிய எல்லைக்குள் மட்டும் குளியுங்கள். அந்தமானில் உவர்நீர் முதலை உண்டு, 2010-இல் அந்தப் பக்கத்திலேயே ஒரு வெளிநாட்டுப் பயணி இறந்தார். எச்சரிக்கைப் பலகை அலங்காரத்துக்கு வைத்ததில்லை.

டிசம்பர் 1, மதியம்

நீலைப் பற்றி எழுதவே இல்லையே என்கிறார்கள். லக்ஷ்மண்பூரில் இயற்கைப் பாறைப் பாலம் இருக்கிறது, கடல் உள்வாங்கியிருக்கும்போது மட்டும் போங்கள். ஏற்றத்தின்போது போனால் தூரத்தில் நின்று எட்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான். வற்றம் தினமும் ஐம்பது நிமிடம் போலத் தள்ளிப்போகும், தங்குமிடத்தில் கேட்டால் நேரம் சொல்வார்கள். பிடிப்புள்ள செருப்பு வேண்டும், தரை முழுக்கக் கூரான செத்த பவளம். பாறைக் குழிகளில் தேங்கிய தண்ணீரில் கடல் வெள்ளரி கிடக்கும். தொடாதீர்கள், வழிகாட்டி தூக்கிக் காட்ட வந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

டிசம்பர் 2

சம்பந்தமில்லாத ஒன்று. பழைய சிவப்பு இருபது ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் தென்னையும் கடலும் இருக்குமே, அது போர்ட் பிளேருக்கு எதிரே இருக்கும் நார்த் பே. தூரத்தில் கலங்கரை விளக்கமும் தெரியும். இப்போதைய பச்சை நோட்டில் எல்லோரா வந்துவிட்டது. பழைய நோட்டு ஒன்றைப் பர்ஸில் வைத்துக்கொண்டு போங்கள், படகில் எல்லோரும் கடன் கேட்பார்கள்.

டிசம்பர் 5, இரவு 9.15

கேள்வி கேட்டவர் பாராடாங்கை எடுத்துவிட்டு, கடைசி நாள் காலையில் ராஸ் தீவைச் சேர்த்திருக்கிறார். நல்லது. 1858-க்குப் பிறகு வெள்ளைக்காரர்கள் எட்டு தசாப்தத்துக்கு மேல் அங்கிருந்துதான் அந்தமானை ஆண்டார்கள். 1941-இல் நிலநடுக்கம், அடுத்த ஆண்டு ஜப்பானியர். இப்போது தேவாலயம், ரொட்டிக்கூடம், நடன அரங்கம் எல்லாவற்றின் சுவரையும் ஆலமர வகை வேர்கள்தான் தாங்கி நிற்கின்றன. மான்கள் பயமில்லாமல் பைக்குள் தலையை விடும், பிஸ்கட்டை அடியில் வையுங்கள்.

கிளிஞ்சல், பவளத் துண்டு எதையும் பொறுக்கிப் பெட்டியில் போடாதீர்கள். பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது, விமான நிலையத்தில் எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும்.

டிசம்பர் 6, காலை

மாமியாரையும் அழைத்துப் போகலாமா என்று புதிதாக ஒருவர். தம்பதி சுற்றுலா என்று ஓடுகிற இழையில் இதைக் கேட்ட தைரியத்துக்கு முதலில் ஒரு கும்பிடு. போகலாம். சிறைச்சாலையில் மேல் தளத்துக்குப் படி ஏற வேண்டும், கீழேயே நிறையப் பார்க்க இருக்கிறது. ராதாநகரில் பிரச்சினை இல்லை. நீல் பாலத்துக்கு வேண்டாம், எலிபெண்ட் பீச்சுக்கும் வேண்டாம், அங்கே படகிலிருந்து தண்ணீரில் இறங்க வேண்டியிருக்கும். அலையில் படகு ஆடும்போது முழங்கால் வலிக்காரர்களால் முடியாது. விரைவுப் படகில் அவருக்கு ஜன்னலோர இருக்கையும் மாத்திரையும். தங்குமிடத்தில் இரண்டு அறை, இரண்டும் தரைத்தளம், நடுவில் இன்னொருவர் அறை இருந்தால் இன்னும் நல்லது.